சனிக்கிழமை மன்னிப்பு

— தலையைத் தூக்குங்க பெரியம்மா. கத்திரி கையில இருக்கு.

— நான் முடி வெட்டிக்க வரலம்மா.

— அது தெரியும். வந்தது வந்தீங்க, நாற்காலியும் காலியா இருக்கு. நுனியெல்லாம் பிளந்து கிடக்கு. சமம் பண்ணிவிடுறேன்.

— உனக்கு வேலை இருக்குமே கண்ணு. அங்க ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க.

— அது டீச்சர். தலைக்குச் சாயம் போட்டிருக்கேன், ஊறணும். டீச்சர், கையை வச்சுப் பார்க்காதீங்க! விரல் கறுத்துடும்.

— பார்க்கலம்மா. அரிச்சுது, அதான்.

— அரிச்சா என்னைக் கூப்பிடுங்க டீச்சர், சீப்பு வச்சுச் சொறிஞ்சு விடுறேன். பெரியம்மா, மறுபடியும் குனியிறீங்க.

— அவங்களை வச்சுக்கிட்டு எப்படிப் பேசுறது.

— இருங்க. டீச்சர், அந்தச் சூட்டு மூடியைத் தலைக்கு இறக்குறேன், சீக்கிரம் பிடிக்கும். சத்தம் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், பயந்துடாதீங்க. ஆச்சு பெரியம்மா. இனிமே இடி விழுந்தாலும் டீச்சருக்குக் கேட்காது. சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல. எப்பவும் சொல்றதுதான். நாளைக்குச் சர்ச்சுல திருவிருந்து.

— ஆமா.

— மனஸ்தாபத்தோட பீடத்துக்குப் போகக் கூடாதுல்ல.

— எனக்கு மனஸ்தாபம் எதுவும் இல்லையே.

— இருந்தாலும். நான் உனக்குச் செஞ்சதை மன்னிச்சிடு கண்ணு. ஆண்டவருக்காக மன்னிச்சிடு.

— காதை மடக்கிப் பிடிச்சுக்கோங்க. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்.

— என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற. எப்பவும் உடனே சொல்லிடுவியே.

— இன்னிக்குச் சொல்றதா இல்ல.

— ஏன்? நான் ஏதாவது பண்ணிட்டேனா?

— நீங்க ஒண்ணும் பண்ணல.

— உங்கம்மா ஏதாவது சொன்னாளா?

— அம்மா அவங்க பாட்டுக்கு இருக்காங்க. அவங்களை எதுக்கு இழுக்கிறீங்க. கூப்பின கையைக் கீழ இறக்குங்க, துணிமேல இருக்கிற முடியெல்லாம் மடியில விழுது.

— எனக்குப் பயமா இருக்கு கண்ணு. நீ இப்படிப் பேசினதே இல்ல.

— இது எப்ப ஆரம்பிச்சதுன்னு ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூடம் சேர்ந்த புதுசு. கழுத்துல போட்ட கட்டைப் பிரிச்சுக்கூட ரொம்ப நாள் ஆகல. நான் தெருவுல விளையாடிட்டு இருப்பேன். நீங்க வந்து என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் கையைக் கூப்பி நிப்பீங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாது. அம்மா வாசல்ல இருந்து, 'மன்னிச்சேன்னு சொல்லுடி'ம்பாங்க. சொல்லிட்டு ஓடிடுவேன். மறுபடி ஆட்டத்துல சேர்த்துக்க மாட்டாங்க. 'பெரியவங்க உன்னைக் கும்பிடுறாங்க, நீ சாமியா'ன்னு கேலி வேற.

— இதெல்லாம் நீ சொன்னதே இல்லையே.

— நீங்க கேட்டதில்ல.

— ஒரு தடவைகூட நீ முகம் சுளிச்சதில்லம்மா. அந்த வயசுலேயே அவ்வளவு பெரிய மனசு.

— சுளிச்சிருக்கேன். நீங்க பார்க்கல.

— எனக்குத் தெரியாமலா?

— கண்ணாடியில பாருங்க. இப்ப எங்க பார்க்கிறீங்க?

— உன்னைத்தான்.

— காதுக்குக் கீழ பார்க்கிறீங்க. கழுத்துல. வேலை நேரத்துல முடியைத் தூக்கிக் கட்டிடுறேன்ல, தழும்பு நல்லாத் தெரியுது. மேல பாருங்க. என் முகத்துல புதுசா ஏதாவது தெரியுதா?

— கண்ணாடி போட்டிருக்க.

— ஆமா.

— எப்ப போட்ட? இன்னிக்கா?

— போன வருஷம்.

— ஆண்டவரே.

— ஆண்டவரை விடுங்க, அவர் பார்த்திருப்பார். தலையை ஆட்டாதீங்க.

— பாவி நான். என் கண்ணு எங்கேயும் போக மாட்டேங்குதே கண்ணு, என்ன செய்வேன். உன்னைப் பார்த்தாலே அங்கதான் போய் நிக்குது.

— இங்க தினமும் எத்தனையோ பேர் வர்றாங்க. கழுத்துல என்னம்மா ஆச்சுன்னு கேட்பாங்க. சின்ன வயசுல சுடுதண்ணி பட்டுதும்பேன். அச்சச்சோம்பாங்க. அடுத்த வார்த்தை, இந்தப் புருவம் கொஞ்சம் தடியா இருக்கு, மெலிசா ஆக்குன்னு. அவ்வளவுதான். என் உடம்புல அது ஒரு இடம். உங்களுக்கு மட்டும்தான் அதுவே நானா ஆயிடுச்சு.

— அப்படிச் சொல்லாத.

— ஞாயிறு பள்ளியில வசனம் ஒப்பிச்சு முதல் பரிசு வாங்கினேனே, ஞாபகம் இருக்கா? மேடையில இருந்து இறங்கி அம்மாகிட்டகூடப் போகல. நேரா உங்ககிட்டதான் ஓடி வந்தேன். நீங்க என் கழுத்தைத் தடவிப் பார்த்துட்டு அழுதீங்க. என்ன பரிசுன்னு கேட்கவே இல்ல.

— என்ன பரிசு?

— இப்ப கேட்டு?

— சொல்லு கண்ணு.

— படம் வரையிற பென்சில். கலர் பென்சில்.

— ம்.

— உங்களுக்கு ஒரு படம் வரைஞ்சு தரலாம்னு இருந்தேன். தரல.

— ஏம்மா! என்னை மறந்துட்டியா? தலை கொதிக்குது!

— இதோ டீச்சர்! மூடியைத் தூக்கிச் சூட்டைக் குறைச்சிடுறேன். இப்ப எப்படி இருக்கு?

— இப்ப பரவாயில்ல. யாரும்மா அழுறாங்க?

— யாரும் அழல டீச்சர். வெட்டின முடி கண்ணுல விழுந்துடுச்சு.

— அப்படியா. ஊதி விடு, ஊதி விடு. ஏம்மா, இது கறுப்பாத்தானே வரும்? போன தடவை வேற கடையில போட்டு, பிள்ளைங்க எல்லாம் துருப்பிடிச்ச டீச்சர்னு பேர் வச்சுடுச்சுங்க.

— கறுப்பாத்தான் வரும். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனீங்கன்னா புது டீச்சர்னு எழுந்து நிப்பாங்க.

— போடி, வாய்க்காரி.

— மூடியை இறக்குறேன், குனிங்க. ஆச்சு. பெரியம்மா, இந்தத் துண்டால துடைச்சுக்கோங்க.

— நான் போறேன்மா. நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிடு, போயிடுறேன். நாளைக்குப் பீடத்துக்குப் போகணும்ல.

— போவீங்களா?

— என்ன?

— நாளைக்குப் பீடத்துக்குப் போவீங்களான்னு கேட்டேன்.

— போகாம.

— போன வாரம் பாஸ்டர் சம்சாரம் முடி வெட்ட வந்தாங்க. இதே நாற்காலிதான். உங்க பெரியம்மா மாதிரி யாருக்கு வரும்னு புகழ்ந்தாங்க. எல்லாரும் பீடத்துக்குப் போறப்ப அவங்க பின்னறையில நின்னு கிண்ணம் கழுவுறாங்க, அவங்களுக்கு அப்பமும் ரசமும் யாரு கொண்டுபோய்க் கொடுக்கிறாங்கன்னு கேட்டாங்க. பாஸ்டர்தானே கொடுக்கிறார்னேன். இல்லையே, சபை மூப்பர் கொடுக்கிறார்னு பாஸ்டர் சொல்லிட்டிருக்காரேன்னாங்க. நேத்து மூப்பர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் பாஸ்டர் கொடுக்கிறார்னு நினைச்சிட்டிருக்கார்.

— அது வந்து...

— ஒருத்தர் நினைப்புக்கும் இன்னொருத்தர் நினைப்புக்கும் நடுவுல நல்லா இடம் பிடிச்சு உட்கார்ந்துட்டீங்க.

— கிண்ணம் யாராவது கழுவத்தானே வேணும் கண்ணு.

— ஆராதனை முடிஞ்சு கழுவலாம்.

— காய்ஞ்சு ஒட்டிக்கும். அப்புறம் தேய்ச்சாலும் போகாது.

— பெரியம்மா. கடைசியா எப்ப வாங்கினீங்க?

— எப்பவோ.

— எனக்குச் சுடுதண்ணி பட்டதுக்கு அப்புறம் வாங்கவே இல்லையா?

— ஒரு தடவை போனேன்.

— எப்ப?

— நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு. போய் முழங்கால் போட்டேன். பாஸ்டர் அப்பத்தை எடுத்துட்டு ஒவ்வொருத்தரா வர்றார். பக்கத்து ஆளுக்குக் கொடுத்தாச்சு. கையை நீட்டணும்ல? நீட்ட வரல. மரக்கட்டை மாதிரி ஆயிடுச்சு. எழுந்து வந்துட்டேன். வயித்தைப் பிரட்டுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுக்கு அப்புறம்தான் கிண்ணம் கழுவுற வேலையைக் கேட்டு வாங்கிக்கிட்டேன்.

— அப்ப நான் கொடுத்த மன்னிப்பெல்லாம் எங்க போச்சு?

— கண்ணு...

— இல்ல, கேட்கிறேன். சனிக்கிழமை என்கிட்ட வாங்குறீங்க. ஞாயிற்றுக்கிழமை அதைப் பின்னறைத் தொட்டியில கொட்டிட்டுப் போறீங்க. அடுத்த மாசம் திரும்ப வந்து கேட்கிறீங்க. என்னை என்னன்னு நினைச்சீங்க?

— உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. நீ மனசாரத்தான் சொல்ற.

— மனசாரச் சொன்னேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சின்னதுல அம்மா சொல்லச் சொல்லிச் சொன்னேன். பெரியவளானதும் உங்களை வாசல்ல இருந்து அனுப்பினாப் போதும்னு சொன்னேன். பொய்தான், எல்லாம் வாய் வார்த்தை. இந்தக் கடையை ஆரம்பிச்ச சமயத்துல ஒரு நாள் சர்ச்சுல தனியா உட்கார்ந்து ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன். கத்தினேன். நீர் மன்னிச்சா மன்னிச்சுக்கொள்ளும், எனக்கு மன்னிக்க வரல, என்னைக் கட்டாயப்படுத்தாதேயும்னு. அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. அந்தச் சனிக்கிழமை நீங்க வந்தீங்க. கட்டின தொண்டையோட 'மன்னிச்சேன் பெரியம்மா'ன்னு சொன்னேன். அதுதான் நிஜம். அன்னிக்குத்தான் முதல்ல மன்னிச்சேன்.

— எனக்குத் தெரியாதே.

— தெரியாது. 'தொண்டை கட்டியிருக்கா, கழுத்துல ஏதாவது வலியா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டீங்க.

— ஐயோ.

— அதுக்கு அப்புறமும் மாசம் தவறாம வந்தீங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? நான் கொடுத்தது செல்லலைன்னு திருப்பிக் கொண்டுவந்து மேசையில போடுற மாதிரி இருக்கும். நான் கொடுத்தது போகட்டும். ஆண்டவர் கொடுத்தது?

— அவர் மன்னிப்பார்னு எனக்குத் தெரியாதா. பிரசங்கம் கேட்காமலா இத்தனை காலம் சர்ச்சுக்குப் போறேன்.

— எங்க உட்கார்ந்து கேட்கிறீங்க?

— என் இடத்துல.

— கடைசி வரிசை, தூணுக்குப் பின்னாடி. போன ஞாயிறு நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் அங்க போய் உட்கார்ந்து பார்த்தேன். பீடம் தெரியல. சிலுவை தெரியல. பாஸ்டர் தலைகூடத் தெரியல. நான் உட்கார்ற இடம் மட்டும் நேரா, அளவெடுத்த மாதிரித் தெரியுது. ஆண்டவர் அங்க கையை விரிச்சுக்கிட்டு இருக்கார், நீங்க தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்து என் கழுத்தையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. ஒரு தடவை நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம்ல பெரியம்மா.

— எனக்கே உபதேசம் பண்றியா?

— இல்ல. உபதேசம் பண்ற அளவுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. மூப்பர் மாதிரி ஆரம்பிச்சேன்னா எனக்கே கொட்டாவி வரும். சங்கடமா இருக்கு, அதான் சொல்றேன். உங்களுக்கும் வயசாகுது. எனக்கும்தான். இப்படியே போயிடும் போல இருக்கு.

— போனா போகட்டும். கிண்ணம் கழுவிக்கிட்டே போயிடுறேன்.

— நாளைக்கு முடியாது.

— ஏன்?

— அண்ணன் வர்றான்.

— யாரு? நம்ம பையனா?

— உங்க மகன்தான். குழந்தையைத் தூக்கிட்டு, அண்ணியையும் கூட்டிட்டு வர்றான். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னான், சொல்லிட்டேன்.

— எனக்குப் போன் பண்ணலையே.

— உங்களுக்குப் பண்ணினா 'சாப்பிட்டியா, சரி, வச்சிடுறேன்'னு வச்சிடுறீங்களாம்.

— எனக்குப் போன்ல பேச வராது.

— நேர்ல மட்டும் வருதாக்கும். நாளைக்குப் பீடத்துல அம்மா பக்கத்துல முழங்கால் போடணும்னு ஆசையாம் அவனுக்கு. ஒரு தடவையாவது.

— ஐயோ, வேண்டாம்மா. வர வேண்டாம்னு சொல்லிடு. நீ சொன்னா கேட்பான்.

— மகன் வர்றான்னா ஐயோங்கிற தாயை இப்பத்தான் பார்க்கிறேன்.

— உனக்குப் புரியாது.

— 'அம்மா ஏன் என்னைத் தொடவே மாட்டாங்க'ன்னு கேட்டான் பெரியம்மா. ஒரு குழந்தைக்கு அப்பா, இவ்வளவு பெரிய ஆளு, போன்ல குரல் சின்னப் பையன் மாதிரி இருந்துச்சு. 'நான் போய்க் கிட்ட உட்கார்ந்தா எழுந்து அடுக்களைக்குப் போயிடுறாங்க. சின்ன வயசுல இருந்து அப்படித்தான். உன்னைத்தான் அம்மாவுக்குப் பிடிக்கும், எனக்கு அவ்வளவு பொறாமையா இருக்கும்'னான். நான் சொன்னேன், நீயே எடுத்துக்கோண்ணா, மாசத்துக்கு ஒரு கும்பிடு, மொத்தமா உனக்கே எழுதி வச்சிடுறேன்னு. சிரிக்கவே இல்ல.

— அவனை நான் எப்படித் தொடுவேன்.

— ஏன்? அவன் என்ன பண்ணினான்?

— அவன் ஒண்ணும் பண்ணல. அவன் உடம்புல ஒரு பொட்டுகூடப் படல.

— படல. நல்லதுதானே?

— நல்லதுதான்.

— அப்புறம்?

— விடு. போதும், நான் கிளம்புறேன். இந்தத் துணியை அவிழ்த்து விடு.

— பாதிதான் வெட்டியிருக்கு. இப்படியே போனா ஒரு பக்கம் நீளமாவும் ஒரு பக்கம் குட்டையாவும் நிக்கும். உட்காருங்க.

— கத்திரியைக் கீழ வை.

— வச்சுட்டேன்.

— அவங்களுக்குக் கேட்குதா?

— கேட்காது. தூங்கிட்டாங்க டீச்சர்.

— இத்தனை வருஷமா உன்கிட்ட நான் வாங்கினது திருட்டு மன்னிப்பும்மா.

— என்ன பெரியம்மா சொல்றீங்க?

— நீ சுடுதண்ணி கொட்டினதுக்கு மன்னிச்ச. எல்லாருக்கும் அதுதான் தெரியும். உங்கம்மாவுக்கு, பாஸ்டருக்கு, செத்துப்போன உங்க பெரியப்பாவுக்கு. பாத்திரத்தோட கைப்பிடி என் கையில இருந்த துணியில மாட்டிச்சு, அடுப்புல இருந்து சரிஞ்சுது. கைத்தவறு. கைத்தவறை யார்தான் மன்னிக்க மாட்டாங்க. அதுக்காக நான் இத்தனை நாள் அழல.

— ம்.

— பாத்திரம் உடனே விழல. முதல்ல சரிஞ்சுது. சரிஞ்சதுக்கும் விழுந்ததுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் இருந்துச்சு. ஒரு மூச்சு நேரம். அதுல எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் அடுப்புக்கு முன்னாடி நிக்கிறீங்க. நீ என் பக்கத்துல. அவன் உனக்கு அந்தப் பக்கம். கையை நீட்டினா முதல்ல நீதான்.

— சொல்லுங்க.

— உன்னைத் தாண்டி நீட்டினேன். உன் தலைக்கு மேல நீட்டினேன் கண்ணு. இந்தக் கைதான். அவன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டேன். தண்ணி உன்மேல விழுது, நீ கத்துற, என் மனசுல முதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? நல்லவேளைன்னு வந்துச்சு. நல்லவேளைன்னு. அதை நான் யார்கிட்ட சொல்லுவேன்? உங்கம்மாகிட்டயா? பாஸ்டர்கிட்டயா?

— அழாதீங்க.

— அவனைப் பார்க்கிறப்பல்லாம் அந்த நல்லவேளைதான் ஞாபகம் வரும். தொட்டா நீ கத்தினது கேட்கும். இந்தக் கையை எப்படிம்மா ஆண்டவர் முன்னாடி நீட்டுறது? ஒவ்வொரு மாசமும் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் கிளம்புவேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே வருவேன். நீ மன்னிச்சேன்னு சொன்னதும் நாக்கு உள்ள போயிடும். ஒண்ணும் தெரியாத பிள்ளை மன்னிக்குதேன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன். இப்ப தெரிஞ்சுடுச்சு. இனிமே நீ எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லக் கூடாது. நானும் வர மாட்டேன்.

— கையை இல்ல பெரியம்மா.

— என்ன?

— அண்ணன் கையைப் பிடிச்சு இழுக்கல. சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தீங்க. மேல் பட்டன் தெறிச்சு என் கால்கிட்ட விழுந்துச்சு. நான் உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். வேற எதை மன்னிக்க முடியாம அன்னிக்குச் சர்ச்சுல நான் ஆண்டவர்கிட்ட கத்தினேன்னு நினைச்சீங்க?